பாட்டியின் பரணா? பத்து நிமிடப் பையா?

மதிலழகு மன்னார்குடிக்கு வணக்கம். நடுவர் அவர்களுக்கு வணக்கம். இரண்டு அணிக்கும் வணக்கம். வாழ்த்து, வரவேற்பு, 'தேனினும் இனிய' எல்லாவற்றையும் எங்கள் அணித் தலைவர் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார். எனக்குக் கொடுத்திருப்பது கால் மணி நேரம். அதில் கொஞ்சம் இந்த மைக்கை இறக்குவதிலேயே போய்விட்டது. எனக்கு முன்னால் பேசியவர் அவ்வளவு உயரம். உயரம் ஆளில்தான், வாதத்தில் இல்லை.

இல்லத்துக்கு நிறைவு தருவது பாட்டியின் பரணா, போன் செயலியில் கேட்டால் பத்து நிமிடத்தில் வாசலுக்கு வரும் பையா என்பது தலைப்பு. பரண்தான் என்று பேச வந்திருக்கிறேன். நேற்று ராத்திரி உட்கார்ந்து குறிப்பெல்லாம் எடுத்து வைத்தேன். இதோ, நாலு பக்கம். ஆனால் பேச வேண்டியதைப் பேசிவிட்டு, கைதட்டலையும் வாங்கிக்கொண்டு, இப்போது ஒன்றும் தெரியாதவர் மாதிரி தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாரே எதிரணி நண்பர், அவர் சொன்ன ஒரு வரி என் நாலு பக்கத்தையும் மடித்து வைக்கச் சொல்லிவிட்டது. என்ன சொன்னார்? "கீழடியில் தோண்டினால் நாகரிகம் கிடைக்கும். இவர்கள் பாட்டி வீட்டுப் பரணில் தோண்டினால் பூஞ்சைதான் கிடைக்கும்!"

சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். நடுவரும் சிரித்தார், நான் பார்த்தேன். அது தீர்ப்பில் சேராது என்று நம்புகிறேன்.

நண்பரே, வம்பை நீங்களாக விலைக்கு வாங்கிவிட்டீர்கள். கீழடியில் என்ன கிடைத்தது? தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் அறிக்கை வெளியிட்டது. கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை நம் கதையைப் பின்னால் கொண்டுபோனது. அங்கே கிடைத்தவற்றில் முக்கியமானது பானை ஓடு! ஓட்டில் என்ன இருந்தது? பெயர் கீறியிருந்தது. 'ஆதன்' என்று. 'குவிரன் ஆதன்' என்று. ஐயா, பானையில் பெயர் எழுதுகிறவன் எப்படிப்பட்ட ஆள்? அந்தப் பானை அடுத்த வீட்டுக்குப் போனால் ஒழுங்காகத் திரும்பி வர வேண்டும் என்று நினைக்கிற ஆள்! (முன்வரிசையில் ஒரு அம்மா தலையாட்டுகிறார்கள். யாரோ தூக்குவாளி வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை போலிருக்கிறது.)

எங்கள் பாட்டி எவர்சில்வர் சம்புடம் வாங்கினால், கடைக்காரர் பில் போடுவதற்கு முன்பே "பேர் வெட்டுப்பா" என்பார். கடைக்காரர் சின்ன உளியை வைத்து டக் டக் டக்கென்று புள்ளி புள்ளியாக வெட்டுவார். இனிஷியல், பெயர், வருஷம். ஒரு எழுத்து கோணினாலும் பாட்டி விடமாட்டார். அந்தச் சம்புடம் இன்றைக்கும் என் வீட்டில் இருக்கிறது. ஆதன் கீறினான், எங்கள் பாட்டி வெட்டினார். இடையில் 2,600 வருஷம். நண்பரே, உங்கள் பத்து நிமிடப் பையையும் ஒரு நாள் யாராவது தோண்டி எடுப்பார்கள். அது மட்கப் போவதில்லை, கட்டாயம் கிடைக்கும். அதிலும் பெயர் இருக்கும். கம்பெனி பெயர்.

கைதட்டலுக்கு நன்றி. அதை நேரத்தில் கழிக்க வேண்டாம் என்று நடுவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம் நண்பர் நேராகப் பிரான்ஸ் போய்விட்டார். "உணவைக் கெடாமல் வைப்பது 1810இல் வந்த அறிவியல், உங்கள் பாட்டி கண்டுபிடித்ததில்லை" என்றார். சரிதான். நிக்கோலா அப்பேர் என்று ஒருவர். விஞ்ஞானி இல்லை, சமையல்காரர், மிட்டாய் செய்கிறவர். பண்டத்தைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து, தக்கையை இறுக்கி, கொதிநீரில் வைத்து எடுத்தார். கெடவில்லை. ஏன் கெடவில்லை என்று அவருக்கே தெரியாது. காரணத்தைச் சொல்ல லூயி பாஸ்டர் வரவேண்டியிருந்தது, அதற்கு இன்னும் ஐம்பது வருஷம் ஆனது. காரணம் தெரியாமலேயே பக்குவம் தெரிந்து வைத்திருந்த ஆளை நம் ஊரில் என்னவென்று கூப்பிடுவோம்? பாட்டி! அந்தப் பிரெஞ்சுப் பாட்டிக்கு அரசாங்கம் 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. எங்கள் பாட்டிக்கு யாரும் ஒரு காலணா கொடுக்கவில்லை. ஆக அப்பேர் எங்கள் கட்சி, நண்பரே. ஆளை மாற்றி மேடையேற்றிவிட்டீர்கள்.

அதே 1810இல் இங்கிலாந்தில் தகர டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். டப்பா வந்துவிட்டது. அதைத் திறக்கிற கருவி எப்போது வந்தது தெரியுமா? 1850களில்! நாற்பது வருஷம் மனுஷன் சாப்பாட்டை உளியும் சுத்தியலும் வைத்துத் திறந்திருக்கிறான். எங்கள் ஜாடிக்கு அந்தத் தொல்லை கிடையாது. வாயில் வெள்ளைத் துணி, துணி மேல் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு முடிச்சு. முடிச்சை அவிழ்த்தால் திறந்துவிடும்.

முடிச்சு என்றதும் ஞாபகம் வருகிறது. நண்பர் பூஞ்சை என்றாரே, அதற்கு வருகிறேன். எங்கள் வீட்டு ஜாடியில் பூஞ்சை பூத்தது உண்டா? உண்டு. மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பூஞ்சைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

பங்குனி பிறந்தால் எங்கள் வீட்டுக்கு மாவடு வரும். பாட்டி முறத்தில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்ப்பார். காம்பு இருக்கிறதா, அடிபட்டிருக்கிறதா, கையில் உருட்டினால் கெட்டியாக இருக்கிறதா. காம்பு பறிந்தது தனியே போகும், அது அன்றைக்கே பச்சடி. மீதியைக் கழுவித் துணியில் பரப்பி, ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து, உள்ளங்கையில் விளக்கெண்ணெய் தொட்டு ஒவ்வொரு வடுவுக்கும் பூசிவிடுவார். அப்புறம் ஜாடியில் ஒரு வரிசை வடு, ஒரு பிடி கல்லுப்பு, மறுபடி ஒரு வரிசை வடு, ஒரு பிடி கல்லுப்பு. பீங்கான் ஜாடிதான், மேலே பழுப்பு, கீழே வெள்ளை. உப்பும் புளிப்பும் சேர்ந்தால் பித்தளையை அரித்துவிடும், பீங்கானிடம் பலிக்காது. தினமும் காலையில் ஜாடியைக் குலுக்க வேண்டும். வடு தன் தண்ணீரை விட்டு, தோல் சுருங்கி, பச்சை மங்கி வரும். அந்தத் தண்ணீரிலேயே கடுகும் மிளகாயும் மஞ்சளும் அரைத்துக் கலப்பார். அம்மியில் அந்த விழுதை வழிக்கும்போது தெருமுனையில் போகிறவனுக்கு நாக்கில் தண்ணீர் ஊறும்.

எங்கள் தாத்தாவுக்கு அது தெருமுனையில் இல்லை, தலைக்கு மேலேயே இருந்தது. தாத்தா தபால் துறையில் வேலை பார்த்தவர். தபால் பையைக் கட்டி, சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டு, அரக்கை உருக்கி முத்திரை வைத்தே ஓய்வு பெற்றவர். மாவடு இல்லாமல் அவருக்குத் தயிர்சாதம் தொண்டையில் இறங்காது. அப்படிப்பட்டவருக்கு ரத்த அழுத்தம் வந்தது. டாக்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "ஊறுகாய் கூடாது." அன்று சாயங்காலமே பாட்டி ஜாடியைப் பரணில் ஏற்றினார். ஏணியைக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் வைத்தார். தாத்தா ஒன்றும் பேசவில்லை. பெரிய மனுஷன் மாதிரி "உடம்புதானே முக்கியம்" என்று சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நாள் போனது. ஒரு நாள் பாட்டி ஏணியை வாங்கி வரச்சொல்லி, ஜாடியை இறக்கி, துணியை விலக்கினால், மேலே வெள்ளையாக ஏடு கட்டியிருக்கிறது. பூஞ்சை! நண்பரே, நீங்கள் சொன்ன அதே பூஞ்சை!

பாட்டி உப்பு அளப்பதில் தவறினதாகச் சரித்திரமே கிடையாது. அப்படியானால் ஒரே காரணம்தான். யாரோ ஈரக் கையை விட்டிருக்கிறார்கள். வீடே கூடத்தில் கூடியது. சித்தப்பா, அத்தை, அப்பா, அம்மா, பேரப்பிள்ளைகள் நாங்கள், எல்லோரும் வரிசையாக நிற்கிறோம். விசாரிப்பது யார்? தாத்தா! ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "இந்த வீட்ல ஒரு கட்டுப்பாடு வேண்டாமா? பரண்ல ஏறித் திருடுற அளவுக்கு யாருக்குடா நாக்கு நீண்டுது? உண்மையைச் சொல்லுங்க, அடிக்க மாட்டேன்" என்கிறார். நம் ஊரில் விசாரணைக் கமிஷன்கள் எப்படி நடக்கும் என்பதை நான் அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

சித்தப்பா இல்லை என்றார். அத்தை சத்தியம் செய்தார். எங்கள் எல்லோர் கையையும் தாத்தா மோந்து பார்த்தார். மோந்து பார்த்தார், ஐயா! தன் கையை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு!

பாட்டி இதற்கெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போனார். ஜாடியைக் கட்டியிருந்த கயிற்றை எடுத்து வந்து தாத்தா முன்னால் வைத்தார். துணியைச் சுற்றிக் கட்டியிருந்த கயிறு, முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே உருவியது. "நான் போடுறது பூ முடிச்சு. இழுத்தா அவுந்துக்கும். இந்த முடிச்சு யாரு போட்டதுன்னு கமிஷன் கொஞ்சம் பார்த்துச் சொல்லட்டும்" என்றார்.

எல்லோரும் எட்டிப் பார்த்தோம். இரண்டு சுற்று, குறுக்கே ஒரு சுற்று, நடுவில் இறுக்கிய முடிச்சு. நுனி இரண்டும் ஒரே அளவில் நறுக்கியிருந்தது. அந்த வீட்டில் தபால் பை கட்டத் தெரிந்தவர் ஒருவர்தான்.

தாத்தா கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். கயிற்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "முடிச்சு நல்லாத்தான் போட்டிருக்கான்" என்றார்.

இது நான் பார்த்த கதை. சித்தப்பா சொல்வது வேறு மாதிரி. பொங்கலுக்கு எல்லோரும் கூடினால் அவர் சொல்லாமல் விடமாட்டார். அவர் கணக்குப்படி தாத்தா பரணில் ஏறியது முக்காலி மேல் டிரங்குப் பெட்டி, டிரங்குப் பெட்டி மேல் மனைப்பலகை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்த அடுக்கில் ஒரு சாமான் கூடிக்கொண்டே போகும். போன பொங்கலில் ஆட்டுக்கல் வந்துவிட்டது. அத்தை சொல்கிற கதையில் தாத்தா முடிச்சுப் போட்டதோடு நிற்கவில்லை, அரக்கு உருக்க மெழுகுவர்த்தியும் தேடினார். பழக்கதோஷம்! இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பெறுநர், அனுப்புநர் எழுதி மாவடுவைத் தனக்கே பதிவுத் தபாலில் அனுப்பியிருப்பார் என்பது அத்தையின் கட்சி.

நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, சரி, வாதத்துக்கு வருகிறேன்.

எதிரணிச் சகோதரி ஒன்று கேட்டார். "இந்தப் பரணை நிரப்பினது யாரு முதுகு? சித்திரை வெயில்ல மாடியில நின்னு வடாம் பிழிஞ்சது ஆம்பிளையா?" இதற்குக் கைதட்டியவர்கள் எல்லோரும் பெண்கள், நான் கவனித்தேன். சகோதரி, கேள்வி நியாயமானது. விடிவதற்கு முன்னால் எழுந்து கூழ் கிண்டி, ஆறுவதற்குள் மாடிக்குத் தூக்கிப் போய், பழைய வேட்டியை விரித்து, குனிந்த இடுப்பை நிமிர்த்தாமல் பிழிந்து முடிப்பார்கள். கை வீங்கிப்போகும். சின்ன வெங்காயமும் பூண்டும் உளுந்தும் இடித்து விளக்கெண்ணெய் விட்டு உருட்டுகிற தாளிப்பு வடகம் வேறே, அதைத் தினமும் எடுத்து, பிசைந்து, மறுபடி உருட்டி, மறுபடி காய வைக்க வேண்டும். நாங்கள் ஆண்பிள்ளைகள் என்ன செய்தோம்? காக்கை ஓட்டினோம். கறுப்புக் குடையை விரித்து நடுவில் வைத்துவிட்டு, அதன் நிழலில் உட்கார்ந்து, பாதி காய்ந்த வடாமை ஓரத்திலிருந்து பிய்த்துத் தின்றோம். காக்கை தின்றதைவிடக் காவல் தின்றதுதான் அதிகம். மாதத்தில் மூன்று நாள் பெண்களை ஜாடிப் பக்கமே போகக்கூடாது என்று வைத்திருந்த வீடுகளும் உண்டு, எங்கள் வீடு உட்பட. அது ஜாடி செய்த குற்றமில்லை, வீடு செய்த குற்றம். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அதற்கு வைத்தியம் பரணை இடிப்பதா? எங்களையும் மாடிக்கு ஏற்றுங்கள், கையில் வடாம் குழலைக் கொடுங்கள். நான் பிழிந்தால் நேராக வராது. காக்கை அதைப் பார்த்துக் குறை சொல்லப் போவதில்லை.

எதிரணித் தலைவர் ஒரு பழமொழியை வேறு எடுத்து வீசினார், "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்று. சேர்த்து வைக்கிற வீட்டில் பொய்யும் சேர்ந்து இருக்கும் என்பது அவர் கருத்து. ஐயா, கடன்காரனுக்குப் பயந்து அப்பன் ஒளிந்தான், உண்மை. ஒளிய ஒரு குதிர் இருந்ததா இல்லையா? இன்றைக்கு மாதத் தவணைக்காரன் போன் பண்ணினால் நீங்கள் எங்கே ஒளிவீர்கள்? குதிரும் இல்லை, பத்தாயமும் இல்லை, நெல்லில் போட நொச்சி இலையைத் தேடினால் அதுவும் இல்லை.

பத்து நிமிடத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். இது மன்னார்குடி. இங்கே நான் கஜா புயலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16, விடிவதற்கு முன்னால் கரையைக் கடந்தது. காலையில் கதவைத் திறந்தால் தெருவைக் காணோம், தென்னையும் மின்கம்பமும் குறுக்கே கிடக்கின்றன. கரண்ட் போனது நாள் கணக்கில் வரவில்லை, உள்கிராமங்களில் வாரக்கணக்கு. போனில் சார்ஜ் இல்லை, டவர் இல்லை. அன்றைக்கு எந்தச் செயலி உங்கள் வாசலுக்கு வந்தது? கூரையோடு எல்லாம் போன வீடுகள் நிறைய, அதை நான் மறக்கவில்லை. ஓட்டு வீட்டில் தப்பித்த பரண்களிலிருந்துதான் அந்தத் தெருவுக்கே வற்றல் குழம்பு கொதித்தது. புளிப்பானையில் புளி இருந்தது. சுண்டைக்காய் வற்றலும் மணத்தக்காளி வற்றலும் இருந்தன. ஜாடியில் நார்த்தங்காய் இருந்தது. யார் வீட்டுப் புளி, யார் வீட்டு அரிசி என்று கேட்டவர்கள் உண்டா? இந்த மைதானத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு அதைச் சாப்பிட்டவர்கள். அவர்களே சொல்லட்டும்.

இந்தச் சத்தம் எதிரணிக்குக் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

நண்பர்களே, திருவள்ளுவர் அரசனுக்கு நாலு வேலை சொன்னார்.

இயற்றலும் ஈட்டலும் காத்தலும் காத்த
வகுத்தலும் வல்லது அரசு.

பொருள் வரும் வழியை உண்டாக்கணும், சேர்க்கணும், காக்கணும், காத்ததைப் பகிர்ந்து கொடுக்கணும். 385ஆம் குறள், இறைமாட்சி அதிகாரம். வள்ளுவர் எந்த அரண்மனையை மனதில் வைத்து எழுதினாரோ தெரியாது, எங்கள் வீட்டுச் சாமான் அறைக்கு அது அப்படியே பொருந்தும். முதல் மூன்றை எதிரணியும் ஒப்புக்கொள்ளும். இன்றைக்கு வாங்கலாம், அடுக்கலாம், ஃபிரிஜ்ஜில் வைத்துக் காக்கலாம். எனக்கு நாலாவதைப் பற்றித்தான் பேசணும். வகுத்தல்.

பாட்டி அகப்பையை எடுத்தார் என்றால் கணக்கு எழுதாமலே கணக்கு இருக்கும். அத்தைக்குக் காரம் ஆகாது, அவருக்கு மேலாக இருக்கிற வடு. சித்தப்பாவுக்கு அடியில் விழுதோடு கிடப்பது. பட்டணத்தில் வேலை பார்க்கிற பேரனுக்குத் தனியாக ஒரு பாட்டில், மூடியில் பழைய துணி வைத்துத் திருகி, பஸ்ஸில் சாயாமல் போக நியூஸ் பேப்பர் சுற்றி. மாசமாக இருக்கிற பெண் தெருவில் யாராக இருந்தாலும் அவள் வீட்டுக்கு ஒரு கிண்ணம் நார்த்தங்காய். களத்துமேட்டு ஆட்களுக்குப் பழைய சோற்றோடு மோர்மிளகாய். யாரும் கேட்டதில்லை. கேட்பதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

தாத்தாவுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. டாக்டர் சொல்லிவிட்டாரே.

தாத்தா போய்ச் சேர்ந்த வருஷம், காரியமெல்லாம் முடிந்த பிறகு, அம்மாவும் பாட்டியும் பரணை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இதை அம்மா சொன்னார். பெரிய ஜாடிகளுக்கு முன்னால், ஓரத்தில் ஒரு சின்ன ஜாடி. அதன் வாயிலும் வெள்ளைத் துணி. அம்மா பிரித்துப் பார்த்தால் உள்ளே மாவடு. ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டு, "என்ன அத்தை இது, உப்பே இல்லையே?" என்று கேட்டிருக்கிறார்.

பாட்டி உடனே பதில் சொல்லவில்லையாம். துணியை மடித்து மடித்து வைத்துக்கொண்டே இருந்தாராம். அப்புறம் சொல்லியிருக்கிறார். "அது அவருக்குப் போட்டது. வருஷா வருஷம் தனியா போடுறதுதான். பாதி உப்பு."

அம்மாவுக்குப் புரியவில்லை. "அவருக்குக் கொடுக்கவே இல்லையே?"

"கொடுக்கல. பரண்ல எது அவர் கைக்கு முதல்ல எட்டுமோ அந்த இடத்துல வெச்சேன்."

நடுவர் அவர்களே, பரணில் இருந்தது ஒரு ஜாடி இல்லை, இரண்டு ஜாடி. பெரியது வீட்டுக்கு. சின்னது திருடனுக்கு. அன்றைக்குக் கூடத்தில் விசாரணைக்கு வந்தது சின்ன ஜாடி. எங்கள் யாருக்கும் அது தெரியாது. ஈரக் கை, ஈரக் கை என்று தாத்தாவை நாங்கள் எத்தனை வருஷம் கேலி செய்தோம்! சித்தப்பா ஆட்டுக்கல் வரைக்கும் அடுக்கினார்! தாத்தாவின் கை ஈரமாக இருந்ததோ இல்லையோ, அந்த ஜாடி அவர் தொடாமல் இருந்தாலும் பூத்திருக்கும். பாதி உப்பில் போட்ட வடு பூக்காமல் என்ன செய்யும்? உப்பு அளப்பதில் ஒரு நாளும் தவறாத கை, தெரிந்தே குறைத்துப் போட்ட உப்பு அது.

அம்மா கேட்டாராம், "தெரிஞ்சுக்கிட்டே ஏன் அத்தை அன்னைக்கு அவ்வளவு பெரிய பஞ்சாயத்து வெச்சீங்க? நீங்களே எடுத்துக் கொடுத்திருக்கலாமே?"

"கொடுத்திருந்தா பத்தியம்னு ஒதுக்கி வெச்சிருப்பார். திருடினாத்தான் அவருக்கு மாவடு."

அம்மா இதைச் சொல்லும்போது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

எதிரணி நண்பரே, நீங்கள் சொன்னது சரி. எங்கள் பரணில் தோண்டினால் பூஞ்சை கிடைக்கும். அது இந்தப் பூஞ்சை. உங்கள் பாட்டி வீட்டுப் பரணிலும் கிடைத்திருக்கும், நீங்கள் ஏறிப் பார்க்கவில்லை. நீங்களும் டெல்டாக்காரர்தான் என்று எனக்குத் தெரியும். மதியம் சாப்பாட்டின்போது மோர்மிளகாயை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினீர்கள், பக்கத்து இலை எனது.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். குறிப்பு எடுத்த நாலு பக்கத்தையும் நான் பிரிக்கவே இல்லை, அதை எங்கள் அணியில் அடுத்துப் பேசுகிறவர் பார்த்துக்கொள்வார். எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். எதிரணியில் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. செயலியைத் திறக்கச் சொல்லுங்கள். மாவடு, பாதி உப்பு, தாத்தா ராத்திரியில் எழுந்து திருடுவதற்கு ஏற்ற உயரத்தில் வைத்தது என்று போட்டுத் தேடச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் இந்த மேடைக்கு வந்துவிட்டால் தீர்ப்பை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள். வணக்கம்.